அண்டாவின் அடியில் ஒரு கரண்டி

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீடு இருக்கிற பிடோக்கிலிருந்து ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்கும்போது காலை ஏழு மணி ஆகியிருக்கும். கடைகள் திறந்திருக்காது. பூக்கடைக்காரர் மட்டும் பெட்டிகளைப் பிரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். நான் பின்சந்து வழியாகப் போய் எங்கள் சங்கத்துச் சமையல்கூடத்தின் பின்கதவைத் தட்டுவேன். முன்கதவு இருக்கும்போது ஏன் இப்படிச் சுற்றிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்பார்கள். முன்கதவு வழியாகப் போனால் நாலு பேர் வணக்கம் சொல்வார்கள், நாலு பேருக்கும் ஏதாவது பதில் சொல்ல வேண்டும். பின்சந்தில் ஒரு பூனை மட்டும்தான் இருக்கும்.

எங்கள் சங்கத்தில் ஞாயிறுதோறும் மத்தியானம் இலவசச் சாப்பாடு. யார் வேண்டுமானாலும் வரலாம். வருகிறவர்களில் பாதிக்கு மேல் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் ஊரிலிருந்து வந்த தம்பிகள். நான்கு அண்டா சோறு, சாம்பார், ரசம், இரண்டு கறி, பாயசம். அண்டாவிலிருந்து சோற்றை வாளிகளில் அள்ளிப் போடுவது என் வேலை. வாளியை முன்கூடத்துக்குத் தூக்கிப் போகிறவர்கள் வேறு. பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். முன்கூடத்தில் யார் சாப்பிடுகிறார்கள், எத்தனை பேர் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. கூச்சம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

எங்களுக்கு இருந்த ஒரே தொல்லை அளவு. ஒரு ஞாயிறு இரண்டு அண்டா சோறு அப்படியே மிஞ்சும். குப்பைத் தொட்டியில் கொட்டும்போது வயிறு எரியும். இன்னொரு ஞாயிறு ஒரு மணிக்கே சட்டி காலியாகும். சமையல் மாஸ்டர் அவசரமாக மறுபடி உலை வைப்பார். கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசி, கடைசியில் ஒரு அம்மாவைக் கூட்டிவந்தார்கள்.

அவருக்கும் எனக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். அப்பா வழி யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்தது இங்கே. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் புள்ளிவிவரம் சேர்க்கிற அலுவலகத்தில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை, பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து டேட்டா சயின்ஸ் வகுப்புப் படித்தாராம். கால்சட்டை, காலில் ஓட்டத்துக்குப் போடுகிற சப்பாத்து, மூக்கு நுனியில் கண்ணாடி. தேக்கா மார்க்கெட்டில் வாங்கின முருங்கைக்காயும் மடிக்கணினியும் ஒரே துணிப்பையில் இருக்கும். சமையல்கூடத்தில் எல்லாரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டோம்.

முதல் நாள் வந்தவர் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. எங்களோடு உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கினார்.

"முதல்ல உங்கட வேலையைப் பாக்கிறன். பாக்காமல் கணக்குப் போட்டால் அது சோதிடம்" என்றார்.

நறுக்கிக்கொண்டே பழைய கதை சொன்னார். "நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் எண்டால் இந்தச் சமையல்கூடம் அளவு நிக்கும். அதுக்குக் குளிர் காத்து வேணும், எங்களுக்கு ஃபேன்தான். வீடு வீடாய் எழுதிவந்த விவரத்தை அட்டையில ஓட்டை போட்டுக் குடுப்பம். வீட்டில எத்தனை பேர், என்ன வேலை, குழாய்த் தண்ணி இருக்கோ, எல்லாம் ஓட்டைதான்."

அரிசி களைந்துகொண்டிருந்த மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "ஓட்டை போட்டா கணக்கு வந்துருமா மேடம்? அப்ப நம்ம இடியாப்பக் குழல்தான் பெரிய கம்ப்யூட்டர்லா."

"ஓம், அதுக்குள்ளால வாற இடியாப்பம்தான் ரிசல்ட். சிக்கெடுக்கிறது எங்கட வேலை" என்றார் மேடம். மாஸ்டருக்குப் பதில் சொல்லி வாயடைத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு முறை அட்டைகள் அடுக்கின தட்டு கைதவறிக் கவிழ்ந்துவிட்டதாம். "ஒரு தெருவே தரையில விழுந்து கிடந்தது. எந்த வீடு எந்த வீட்டுக்குப் பக்கத்தில எண்டு தெரியாமல் அழுதுகொண்டு அடுக்கினம். மேலதிகாரி வந்து பாத்திட்டு, பிள்ளையள், ஆக்களை மிதிச்சிராதேங்கோ எண்டார்." அவர் அதைச் சொல்லிச் சிரித்த சிரிப்பில் பயற்றங்காய் நாலாபக்கமும் சிதறியது.

பிறகு அட்டை போய் நாடா வந்தது, நாடா போய்ப் பெட்டி வந்தது, பெட்டி சுருங்கிக் கைப்பைக்குள் வந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். முன்பெல்லாம் எண்ணுவதுதான் பெரிய வேலையாம். எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும். இப்போது எண்ணி முடித்த பிறகுதான் வேலையே ஆரம்பமாம். நேற்று நடந்ததை வைத்து நாளைக்கு என்ன நடக்கும் என்று கேட்பது.

சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்கள் பிடோக்கில இருந்து என்னத்தில வந்தீங்கள்?"

"ரயில்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கே எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஏறேக்க ஸ்டேஷன் வாசல்ல கார்டைத் தட்டினீங்கள், இறங்கேக்கயும் தட்டினீங்கள். அது ஒரு வரி. பிடோக்கில இருந்து ஒரு ஆள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இங்க வந்திருக்கு எண்டு நீங்களே எழுதின வரி. அப்பிடி எல்லாரும் எழுதின வரியைப் படிச்சுத்தான் எந்த நேரத்துக்கு எத்தனை ரயில் விடுறது எண்டு யோசிப்பினம்."

எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஒரு விண்ணப்பத்தில் பெயரும் முகவரியும் எழுதுவதற்குள் வியர்த்துவிடும். அப்படிப்பட்ட நான் இத்தனை வருஷமாக வாராவாரம் ஒரு வரி எழுதியிருக்கிறேன், அதை யாரோ படித்து எனக்கு ரயிலும் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு கார்டைத் தட்டும்போது கொஞ்சம் கவனமாகத் தட்டினேன். கையெழுத்து அழகாக இருக்கட்டுமே என்று.

அந்த முதல் நாளே எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்து இன்னொன்றும் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்த மெஷினில் கண்ணை வைத்துக்கொண்டு, முடியைவிட மெல்லிசான கம்பியைக் கடுகளவு சில்லில் ஒட்டுகிற வேலை. அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மேடம் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, அதெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போற சாமான். என்ர மேசையில இருந்த மெஷினுக்குள்ள நீங்கள் ஒட்டின கம்பி இருந்திருக்கும், ஆர் கண்டது."

"அதான் அடிக்கடி நின்னுபோச்சோ" என்றார் மாஸ்டர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு நாள் அதையே நினைத்து நினைத்து வீட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மேடம் மூன்று மாதம் விவரம் சேர்த்தார். எத்தனை தட்டு போனது, மழையா வெயிலா, மாத ஆரம்பமா கடைசியா, திருவிழா உண்டா, எல்லாம் எழுதினார். ஒரு தராசும் வாங்கி வைத்தார். சாப்பாடு முடிந்து ஒவ்வொரு அண்டாவையும் கழுவுவதற்கு முன் அடியில் எவ்வளவு மிச்சம் என்று நிறுத்து எழுத வேண்டும். அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அவருடைய மடிக்கணினி சொல்லும், இந்த ஞாயிறு இத்தனை கிலோ அரிசி போடு என்று.

மாஸ்டர் முதலில் நம்பவில்லை. சம்பளம் போட்ட ஞாயிறு கூட்டம் அதிகமாக வரும் என்று அவர் சொன்னார், குறையும் என்று மெஷின் சொன்னது. "மெஷின் ஜெயிச்சா மேடத்துக்கு மட்டும் தனியா வடை சுட்டுத் தரேன்" என்று பந்தயம் கட்டினார். அன்றைக்குக் கூட்டம் குறைந்தது. கையில் காசு இருந்ததால் தம்பிகள் பிரியாணிக் கடைப் பக்கம் போய்விட்டார்களாம். மேடம் சுடச்சுட வடையை வாங்கி எங்களுக்குப் பங்கு வைத்தார். அதற்குப் பிறகு சோற்றைக் குப்பையில் கொட்டுவதும் மறுபடி உலை வைப்பதும் நின்றுபோயின. அந்த வாரங்களில் சமையல்கூடத்தில் எல்லாருக்கும் ஒரு குஷி. மழை வருமா என்று கூட மேடத்திடம் கேட்க ஆரம்பித்தோம்.

இங்கேதான் என் கை உள்ளே வருகிறது.

எங்கள் வீடுகளில் சோற்றுப் பாத்திரத்தைச் சுரண்டி வழித்து வைக்க மாட்டோம். ஒரு கரண்டியாவது அடியில் கிடக்க வேண்டும். பாத்திரம் வெறுமையாக நிற்கக்கூடாது. இதை யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை, பார்த்துப் பார்த்து வந்தது. அதனால் ஒவ்வொரு அண்டாவிலும் கடைசி வாளியை அள்ளின பிறகு ஒரு கரண்டிச் சோற்றை விட்டுவிடுவேன். நாலு அண்டாவுக்கு நாலு கரண்டி. எல்லாம் முடிந்ததும் அதை ஒன்றாகச் சேர்த்துத் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பேன். திங்கட்கிழமை பாத்திரம் கழுவ வருகிறவர்கள் வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

தராசு வந்த பிறகு அந்தக் கரண்டியும் எழுத்தில் ஏறியது. மிச்சம் உண்டு என்று வாராவாரம் மெஷினுக்குப் போனது. மிச்சம் உண்டு என்றால் வந்தவர்கள் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டாகிவிட்டது என்றுதானே அர்த்தம். அடுத்த வாரம் கொஞ்சம் குறை என்றது மெஷின். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். குறைத்த பிறகும் நான் ஒரு கரண்டி விட்டேன். மறுபடி குறைத்தது. அந்த அளவு தீர்ந்ததும் முன்கதவைச் சாத்திவிடுவார்கள்.

எங்களுக்கு அரிசி கொடுக்கிற கடைக்காரர் ஒரு நாள் மூட்டையை இறக்கிவிட்டு நின்றார். அவரை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே மளிகை வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம்.

"என்னக்கா, ஊர்ல பசி குறைஞ்சுபோச்சா? மூட்டை குறைஞ்சுகிட்டே போகுதே" என்றார்.

"மெஷின் சொல்லுது நானா" என்றார் மாஸ்டர்.

"மெஷினுக்கு என்னய்யா, அதுக்கு கரண்டுதானே சாப்பாடு" என்று சொல்லிவிட்டு நானா போய்விட்டார்.

அந்த வாரம்தான் பின்கதவில் ஒருவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காதோரம் நரைத்திருந்தது, குளித்துத் தலை வாரி, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். நான் அப்போதுதான் நாலு கரண்டிச் சோற்றில் தண்ணீர் ஊற்றியிருந்தேன்.

"அம்மா, சாப்பாடு முடிஞ்சிருச்சா? முன்னாடி கதவைச் சாத்திட்டாங்க."

சாமி படத்துக்கு முன்னால் இருந்த சீப்பிலிருந்து இரண்டு வாழைப்பழத்தைப் பிய்த்துக் கொடுத்தேன்.

"பரவாயில்லம்மா. வடக்குக் கோடியில மார்சிலிங் பக்கம் கட்டட சைட்டு. ஞாயித்துக்கிழமையும் பாதி நாள் வேலை. குளிச்சிட்டு ரயிலைப் பிடிச்சு வர்றதுக்குள்ள இந்நேரம் ஆயிருது. முன்னாடியெல்லாம் இந்நேரத்துக்கும் கிடைக்கும், அதான் வந்தேன்" என்றார். கோபமே இல்லை. பழத்தை உரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே போனார்.

அடுத்த ஞாயிறும் வந்தார், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. அன்றைக்கும் பழம்தான். மூன்று பேருக்கும் சேர்த்துச் சீப்பையே கொடுத்துவிட்டேன். கரண்டியைக் கழுவும்போது எனக்கு விளங்கிவிட்டது. மெஷின் என் கையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது.

சரி, சுரண்டி எடுத்துவிடுவோம் என்று ஒரு வாரம் அண்டாவுக்குள் கரண்டியை விட்டேன். அடி தெரிகிற வரைக்கும் வந்தது. அதற்கு மேல் கை கேட்கவில்லை. மேடத்திடம் சொல்லிவிடுவோம் என்றால் அது அதைவிடக் கஷ்டம். ரயிலில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மேடம், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். மனசுக்குள் நன்றாகத்தான் வரும். சமையல்கூடத்துக்கு வந்து "மேடம்" என்று ஆரம்பித்ததும் அவர், "என்ன அக்கா, தேத்தண்ணி வேணுமோ?" என்பார். நான் தலையாட்டிவிடுவேன். இப்படி நாலு ஞாயிறு வேண்டாத தேத்தண்ணீர் குடித்தேன்.

ஐந்தாவது ஞாயிறு, சாப்பாடு முடிந்த கையோடு மேடம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். நாலு அண்டாவும் தராசுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன.

"எல்லாரும் இதைப் பாருங்கோ. மழை பெய்த ஞாயிறும் இதே மிச்சம், தீபாவளிக்கு முதல் ஞாயிறும் இதே மிச்சம். நாலு அண்டாவிலயும் ஒரே எடை. மனிசற்ற வயிறு இப்பிடி இருக்காது. எல்லா வாரமும் ஒரே மாதிரி ஒரு நம்பர் வந்தால் அதில மனிசர் இல்லை எண்டு அர்த்தம். தராசு பழுது."

ஐந்து கிலோ அரிசிப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தார்கள். தராசு சரியாக ஐந்து காட்டியது.

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அப்ப, கோவிக்காதேங்கோ மாஸ்டர், அடிப்பிடிச்ச சோறாய் இருக்குமோ? அதை ஒருத்தரும் அள்ளாமல் விட்டிருப்பினம்."

மாஸ்டர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மேசையில் போட்டார். "என் சோறா? அடிப்பிடிச்சதா? முப்பது வருஷமா அடுப்படியில நிக்கிறேன் மேடம். என் சோறு அடிப்பிடிச்சதுன்னு என் பொண்டாட்டிகூடச் சொன்னதில்ல. மெஷின் சொல்லுதுன்னா மெஷினையே வச்சுச் சமைச்சுக்குங்க. நான் போறேன்."

போகவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெரிய உடம்பு வாளியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவர் நிஜமாகவே போய்விட்டால் அடுத்த ஞாயிறு யாருக்குமே சாப்பாடு கிடையாது. பின்கதவுக்கு வருகிறவருக்குப் பழமும் கிடையாது.

அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. கை வந்தது. தராசில் ஒரு தட்டை வைத்தேன். மேடம் செய்வதைப் பார்த்திருந்ததால், எண்ணைச் சைபராக்குகிற பொத்தானை அழுத்தினேன். முதல் அண்டாவுக்குள் என் கரண்டியை விட்டு, கிடந்த சோற்றை அள்ளி, கட்டைவிரலால் விளிம்பைத் தட்டிச் சமமாக்கித் தட்டில் போட்டேன். அண்டாவில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. கரண்டிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. இரண்டாவது அண்டா. மூன்றாவது.

மேடம் தராசைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தான் விடுறேன் மேடம்" என்றேன். "அண்டா வெறுசா நிக்கக்கூடாதுன்னு."

பிறகு மேடம் பக்கத்தில் இருந்த அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்ர வீட்டிலயும் இதைத்தான் செய்யிறம். இண்டைக்குக் காலமையும் பானைக்குள்ள விட்டிட்டு வந்தனான். எனக்கு ஏன் இது தோணேல்ல?" என்று மாஸ்டரைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாம என்ன. எல்லாருக்கும் தெரியும்" என்றார் மாஸ்டர், வாளியைவிட்டு எழுந்திருக்காமலே. "நீங்க கேக்கலையே. சோறு பொங்கினா அடுப்பை அணைக்கணும்னுகூடத்தான் நாங்க உங்ககிட்டச் சொல்லல."

"அடிப்பிடிச்சது எண்டு சொன்னதுக்கு மன்னிக்கோணும்."

"வடை பந்தயத்துல தோத்ததுக்கு இது சரியாப் போச்சு" என்று சொல்லித் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் கலைகிற மாதிரி இருந்தது. இப்போது விட்டால் இனிமேல் என் வாய் திறக்காது என்று எனக்குத் தெரியும்.

"மேடம், ஆளுங்க திரும்பிப் போறாங்க" என்றேன்.

"ஆர்?"

"லேட்டா வர்றவங்க. மார்சிலிங்கிலிருந்து ஒருத்தர். பின்னாடி வந்து கேட்டார். முன்னாடி வந்து எத்தனை பேர் திரும்பினாங்களோ, தெரியாது."

சிரிப்பு நின்றது. மேடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் சாப்பிட்ட தட்டுக்கு ஒரு கட்டம் இருந்தது, மழைக்கு ஒரு கட்டம் இருந்தது, மிச்சத்துக்கு ஒரு கட்டம் இருந்தது.

"சாப்பிட்ட ஆக்களைத்தான் எண்ணியிருக்கிறன். சாப்பிடாமல் போன ஆக்களுக்கு நான் இடமே வைக்கேல்ல. மிச்சம் இருந்தால் குறை எண்டு மெஷினுக்குச் சொல்லிவச்சதும் நான்தான். உங்கட கரண்டியில பிழை இல்லை அக்கா" என்றார். அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு பேனாவை எடுத்துத் தாளில் இரண்டு கோடு இழுத்து இரண்டு புதுக் கட்டம் போட்டார். ஒன்றின் தலையில் 'அக்கா கரண்டி' என்று எழுதினார். மிச்சத்தில் அதைக் கழித்துவிட வேண்டுமாம், கழித்தபிறகும் ஏதாவது இருந்தால்தான் மிச்சம். இன்னொன்றின் தலையில் 'திரும்பினவர்' என்று எழுதினார்.

"இதை நிரப்புறதுக்கு வாசல்ல ஒரு ஆள் வேணும்" என்று என்னைப் பார்த்தார்.

"நான் உள்ள இருக்கிற ஆளுலா" என்றேன்.

"வாசல்ல கதைக்கிற ஆளை விட்டால் கதைச்சுக்கொண்டே எண்ண மறந்திரும். எனக்கு உங்களை மாதிரி ஆள்தான் வேணும்."

கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று ஏறுகிற சின்னக் கருவி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டரைக்கு என்னை வாசலில் நிறுத்தினார்கள். என் கரண்டியை இன்னொருவர் கையில் கொடுத்து, அடியில் ஒன்று விடச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். முதல் அரைமணி நேரம் தரையைத்தான் பார்த்தேன். செருப்புகள் வருவதும் போவதும் தெரிந்தன. செருப்பைப் பார்த்தே எண்ணலாம் என்று கண்டுபிடித்து நிம்மதியானேன். அந்த வாரம் ஒரேயடியாக அரிசியைக் கூட்ட வேண்டாம், எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று தெரியட்டும் என்று மேடம் கொஞ்சமாகத்தான் கூட்டியிருந்தார். ஒன்றே முக்காலுக்குச் சோறு முடிந்தது. கதவைச் சாத்தின பிறகு வந்தவர்களை அழுத்தி அழுத்தி எண்ணினேன். பத்தொன்பது. மார்சிலிங்காரர் பதினேழாவது. அவரைப் பார்த்து அழுத்தும்போது எனக்குக் கட்டைவிரல் வலித்தது. அன்றைக்குப் பழத்தோடு ரொட்டியும் வாங்கி வைத்திருந்தோம் என்பதுதான் ஆறுதல்.

மேடம் பத்தொன்பதை மெஷினில் ஏற்றினார். என் கரண்டியைக் கழித்தார். வெள்ளிக்கிழமை மெஷின் சொன்ன அளவைக் கேட்டு நானா ஒரு மூட்டை கூடுதலாக இறக்கினார். "பசி திரும்பி வந்துருச்சு போல" என்றார்.

அந்த ஞாயிறு நல்ல வெயில். சிராங்கூன் சாலை முழுக்கத் தலைகள். பூ, ஊதுபத்தி, பொரித்த அப்பளம் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வாசல்வரைக்கும் வந்துகொண்டிருந்தது. நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. உள்ளேயிருந்து வாளிச் சத்தம் நிற்கவில்லை. கதவும் திறந்தேதான் இருந்தது. இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நாலு ஜோடிச் செருப்பு வேகமாக வந்து என் முன்னால் நின்றது.

"அம்மா, இன்னைக்கும் முன்பக்கம்தானா? முடிஞ்சிருச்சா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். மார்சிலிங்காரர். தலையில் குளித்த ஈரம் காயவில்லை. அவர் பின்னால் மூன்று பேர், ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"முடியல. உள்ள போங்க. மெதுவாச் சாப்பிடுங்க, இருக்கு" என்றேன்.

தெருவில் நின்றுகொண்டு அதிகம் அறிமுகமில்லாத நாலு ஆண்களிடம் நான் அவ்வளவு சொற்கள் பேசினது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

"பழத்தைக் குடுத்து அனுப்பிருவீங்களோன்னு பயந்துகிட்டே வந்தோம்" என்று சிரித்தார்.

"பழம் கடைசியில. முதல்ல சோறு" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

வாசலிலிருந்து முன்கூடத்தைப் பார்க்க முடிந்தது. பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். நீளமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஊரில் இருக்கிற பிள்ளையிடம் போனில் தட்டைக் காட்டிக்கொண்டே சாப்பிட்டார். மார்சிலிங்காரர் பேசவே இல்லை. இரண்டாவது தடவை சோறு வாங்கினார், மூன்றாவது தடவை ரசத்துக்கு வாங்கினார். நாலாவது தடவை கையை நீட்டும்போது வாளியோடு மாஸ்டரே வந்தார்.

"தம்பி, அது வயிறா அண்டாவா?"

"ரசம் நல்லாருக்குண்ணே."

"சோறு எப்படி?"

"பூ மாதிரி இருக்கு."

மாஸ்டர் சமையல்கூடத்தைப் பார்த்துத் திரும்பி, "மேடம், கேட்டுக்குங்க, பூ மாதிரியாம். இதையும் கட்டம் போட்டு எழுதுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஒரு கரண்டி கூடவே போட்டார்.

இரண்டரைக்குக் கதவைச் சாத்தினோம். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. மேடம் தாளும் பேனாவுமாக வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எத்தனை பேர் திரும்பினது?"

நான் கருவியை நீட்டினேன். அவர் பார்க்கவில்லை. "வாயால சொல்லுங்கோ அக்கா."

"எல்லாரும் சாப்பிட்டாங்க."

"அது நம்பர் இல்லையே."

"அதையே எழுதுங்க மேடம்."

"மெஷினுக்கு எழுத்துக் குடுத்தால் பிடிக்காது, நம்பர்தான் குடுக்கோணும்" என்று சொல்லிக் கட்டத்தில் ஒரு சைபர் போட்டார். பிறகு அதற்குப் பக்கத்திலேயே, தாளின் ஓரத்தில், நான் சொன்னதைத் தமிழில் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார்.

"நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

"இல்ல. நீங்க?"

"நானும் இல்லை." தாளைப் பார்த்தார். "அப்ப நாங்கள் எழுதினது பிழை. எல்லாரும் சாப்பிடேல்ல. ரெண்டு பேர் மிச்சம். திருத்தவோ?"

"வாங்க. சாப்பிட்டுட்டு வந்தா திருத்த வேண்டியதில்ல" என்று நான்தான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.